தியோத்திவாக்கானின் வீடுகள்

மெக்சிகோவின் பண்டைய நகரமான தியோத்திவாக்கானுக்குச் சென்று திரும்பியவர்கள் எல்லோரிடமும் சூரியப் பிரமிடின் படம் ஒன்றாவது இருக்கும். அடித்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 225 மீட்டர் நீளம், உயரம் ஏறத்தாழ 65 மீட்டர் என்ற அளவில் ஒரு கட்டுமானம் எதிரே எழுந்து நிற்கும்போது வேறு எதையும் படம் எடுக்கத் தோன்றுவதில்லை. அந்தப் படத்தை நான் காட்டியபோதெல்லாம் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதை எந்த அரசன் கட்டினான் என்பதாகவே இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றைக் கட்டியவன் தன் பெயரை எங்காவது பொறித்திருப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பானதுதான். தியோத்திவாக்கானில் அப்படி ஒரு பெயர் இதுவரை கிடைக்கவில்லை. அரசனின் உருவம் என்று எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளும் சிலை இல்லை. அரச கல்லறையும் இல்லை. அந்நகர மக்கள் தம் ஊரை எப்படி அழைத்தார்கள் என்பதும் தெரியாது. இன்று வழங்கும் பெயர், நகரம் வீழ்ந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அங்கு வந்த அஸ்டெக்குகள் இட்டது. கேட்டவர்களிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு அதே நகரத்தில் நான் பார்த்த வேறு சில கட்டடங்கள் ஒரு மறுமொழியை வைத்திருக்கின்றன என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அவை உயரமானவை அல்ல. பெரும்பாலான பயணிகள் அவற்றைப் பார்ப்பதும் இல்லை.

வீதியும் பிரமிடுகளும்

எல்லோரும் பார்ப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ நகரத்தின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில், கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய வறண்ட சமவெளி அது. தெற்கே சியுடடேலா என்னும் பெரும் சதுக்கத்திலிருந்து வடக்கே நிலாப் பிரமிடு வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தூரத்துக்கு மாண்டோர் வீதி செல்கிறது. இரு பக்கமும் இருந்த மண்மேடுகளைக் கல்லறைகள் என்று அஸ்டெக்குகள் கருதியதால் வந்த பெயர் அது. அகழ்ந்தபோது அவை கோயில்களின் மேடைகள் என்று தெரியவந்தது. வடக்கு நோக்கி நடக்க நடக்க வீதி சிறிது சிறிதாக உயர்கிறது. வீதியின் முடிவில் நிலாப் பிரமிடு, அதன் பின்னால் செர்ரோ கோர்தோ மலை. மலையின் உருவத்துக்கு முன்னால் பிரமிடின் உருவம் சரியாகப் பொருந்தி நிற்பதை அந்த வீதியில் நடக்கும் எவரும் உணர முடியும். வீதி நேர் வடக்காக இல்லாமல் ஏறத்தாழ 15.5 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. 20 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்த நகரத்தின் கட்டடங்கள் பெரும்பாலும் அந்தச் சாய்வையே பின்பற்றுகின்றன. நகரின் நடுவே ஓடிய சான் ஹுவான் ஆற்றைக்கூட அந்தக் கட்டங்களுக்கு ஏற்பத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். உலோகக் கருவி இல்லை, சுமை இழுக்கும் விலங்கு இல்லை, சக்கர வண்டி இல்லை. ஒவ்வொரு கூடை மண்ணும் ஒவ்வொரு கல்லும் மனித முதுகில் வந்தவை.

சூரியப் பிரமிடைப் பார்ப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் காணும் மேற்பரப்பு அதைக் கட்டியவர்கள் விட்டுச்சென்றது அன்று. மெக்சிகோ விடுதலைப் போரின் நூற்றாண்டு விழா 1910-இல் வந்தது. அதற்குள் பிரமிடை வெளிக்கொணர வேண்டும் என்று, அன்றைய அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில் தொல்லியலாளர் லியோபோல்டோ பாத்ரெஸ் 1905 முதல் அகழ்வுப்பணியை நடத்தினார். உள்ளே இன்னொரு முகப்பு இருப்பதாக எண்ணி வெளிப்புறத்தில் பல மீட்டர் ஆழத்துக்கு அவர் உரித்தெடுத்துவிட்டார். முன்பு சுண்ணாம்புக் காரை பூசிச் சிவப்பு வண்ணம் தீட்டிய பரப்பாக இருந்தது, இன்று எரிமலைக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும் சரிவாக இருக்கிறது. வளாகத்தில் பல சுவர்களில் சாந்துக்கு நடுவே சிறு சிறு கற்களை வரிசையாகப் பதித்திருப்பதைக் காணலாம். அவை இருபதாம் நூற்றாண்டில் மீட்டுக் கட்டிய பகுதிகளை அடையாளப்படுத்துவதற்காக வைத்தவை. அந்தச் சிறுகற்களைக் கவனிக்கத் தொடங்கினால், பழைய சுவர் எது, புதிய சுவர் எது என்று கண் தானாகவே பிரித்துக்கொள்ளும். நான் சென்ற காலத்தில் பிரமிடுகளின் மேல் ஏற அனுமதி இல்லை. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஏறுவதற்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தை வேறு இடங்களுக்குக் கொடுக்க முடிந்தது.

அரசனைத் தேடியவர்கள்

அரசன் எங்கே என்ற கேள்வியோடு மண்ணைத் தோண்டியவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் சியுடடேலா சதுக்கத்துக்குள் இருக்கும் இறகுப் பாம்புக் கோயில். கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டிய இந்தக் கோயிலின் அடுக்குகளில் இறகுகள் சூழ்ந்த பாம்புத் தலைகள் கல்லிலிருந்து வெளியே நீண்டுகொண்டிருக்கின்றன. நகரத்தில் இந்த அளவுக்குச் சிற்பம் நிறைந்த கட்டடம் வேறு இல்லை. 1980-களில் ருபென் காப்ரேரா, சபுரோ சுகியாமா, ஜார்ஜ் கவ்கில் ஆகியோர் நடத்திய அகழாய்வில் அதன் அடியிலும் சுற்றிலும் 130-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பலரின் கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் இருந்தன. போர்வீரர்களைப் போல் உடுத்தியிருந்தவர்களின் கழுத்தில் மனிதத் தாடைகளைப் போலச் சிப்பியில் செதுக்கிய மாலைகளும், சிலரிடம் உண்மையான தாடைகளும் இருந்தன. கோயிலைக் கட்டும்போது பலியிடப்பட்டவர்கள் அவர்கள். 2003-இல் பெருமழைக்குப் பிறகு அந்தக் கோயிலின் முன்னால் நிலம் உள்வாங்கிக் குழி விழுந்தது. அதன் வழியாக இறங்கிய தொல்லியலாளர் செர்ஹியோ கோமெஸ், கோயிலுக்கு அடியே 100 மீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கப்பாதை ஒன்றைக் கண்டார். பல ஆண்டுகள் நீடித்த அப்பணியில் பச்சைக்கல் உருவங்கள், சங்குகள், ரப்பர் பந்துகள், திரவப் பாதரசம் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. முடிவில் ஓர் அரசனின் உடல் இருக்கும் என்று உலகமே எதிர்பார்த்தது. அது கிடைக்கவில்லை.

அரசனின் பெயரைப் போல ஒன்று வேறொரு நாட்டில் கிடைக்கிறது. இன்றைய குவாத்தமாலாவில் உள்ள திகால் என்னும் மாயா நகரத்தின் கல்வெட்டுகள், 378-ஆம் ஆண்டு சியாஹ் காக் என்பவர் மேற்குத் திசையிலிருந்து வந்ததையும், அன்றே திகாலின் அரசன் இறந்ததையும் சொல்கின்றன. அவரை அனுப்பியவராக ஒரு பெயர் வருகிறது. ஈட்டியெறி கருவியும் ஆந்தையும் சேர்ந்த குறியீடு அது. அவர் தியோத்திவாக்கானை ஆண்டவராக இருக்கலாம் என்று மாயா எழுத்தறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அங்கே ஆட்சியாளர் ஒருவர் இருந்திருக்கிறார். இதை நான் மறுக்க விரும்பவில்லை. ஆயினும் அண்டை நாட்டார் கல்லில் வெட்டிவைத்த பெயரை, அவருடைய சொந்த நகரத்தார் ஒரு சுவரிலும் பெரிதாக எழுதிவைக்கவில்லை என்பது சிந்திக்க வேண்டிய செய்தி. இதோடு சேர்த்துப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. இறகுப் பாம்புக் கோயில் நெடுங்காலம் மதிப்போடு இருக்கவில்லை. நான்காம் நூற்றாண்டு அளவில் அதன் உச்சியிலிருந்த கோயிலை எரித்து, முகப்பை மறைத்து வேறொரு மேடையைக் கட்டிவிட்டார்கள். அந்த மேடை மறைத்ததால்தான் பாம்புத் தலைகள் இன்று வரை உடையாமல் இருக்கின்றன. அதன் பிறகு சூரியப் பிரமிடு அளவுக்குப் புதிய பெரும் பிரமிடு எதுவும் அந்நகரத்தில் எழவில்லை. அவ்வளவு உழைப்பும் பிறகு எங்கே சென்றது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

தெதித்லா

வேலியிட்ட வளாகத்துக்கு வெளியே, மேற்கே, சுற்றுச்சாலையைத் தாண்டிச் சற்று நடந்தால் தெதித்லா என்னும் கட்டட வளாகம் வருகிறது. 1950-களிலும் 1960-களிலும் இதையும், பக்கத்திலிருக்கும் சகுவாலா, யயாவாலா ஆகியவற்றையும் அகழ்ந்தவர் தொல்லியலாளர் லோரெட் செஷூர்னே. பிரமிடுகளுக்கு அருகே புலி போல உறுமும் ஊதல்களை விற்பவர்களின் சத்தம் ஓயாமல் கேட்கும். இங்கே காவலர் ஒருவரும் நானும் மட்டுமே இருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் உயரமில்லாத கற்சுவர், அதற்கு மேல் பாதுகாப்புக்காகப் போட்டிருக்கும் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள். ஓர் அறையின் பக்கவழியாகச் சென்றால் இன்னொரு முற்றம். அதைச் சுற்றி மீண்டும் அறைகள். எல்லாத் தரையும் சுண்ணாம்புக் காரை. மழைநீர் தேங்காமல் முற்றத்துத் தரை சற்றே சரிந்திருக்கிறது. தரைக்கு அடியில் வடிகால்கள் ஓடுகின்றன. சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் சிவப்பும் பச்சையும் மங்காத ஓவியங்கள். பச்சைக்கல் அணிகள் பூண்ட தெய்வம் ஒன்று இரு கைகளிலிருந்தும் செல்வத்தைப் பொழிகிறது. ஆரஞ்சு நிறச் சிறுத்தைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நீரில் மூழ்கிச் சிப்பி சேகரிக்கும் ஒருவன் வலையோடு நீந்துகிறான். கடலிலிருந்து இவ்வளவு தொலைவிலுள்ள மேட்டுநிலத்தில், கடலை அறிந்த எவரோ அதை வரைந்திருக்க வேண்டும்.

இது அரண்மனையாக இருக்கும் என்றே முதலில் தோன்றும். அகழ்ந்த காலத்தில் இவற்றை அரண்மனைகள் என்று அழைத்தவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை மாற்றியது தொல்லியலாளர் ரெனே மில்லோன் 1960-களில் தொடங்கிய வரைபடப் பணி. வான்வழிப் படங்களை வைத்துக்கொண்டு அவருடைய குழு அந்தச் சமவெளியின் வயல்களில் வரப்பு வரப்பாக நடந்து, மண்ணின் மேல் தெரிந்த சுவர்த்தடங்களையும் பானையோடுகளையும் குறித்துக்கொண்டு, முழு நகரத்தின் வரைபடத்தை 1973-இல் வெளியிட்டது. அதில் தெரியவந்த உண்மை இது: தெதித்லாவைப் போன்ற வளாகங்கள் ஏறத்தாழ 2,000 இருந்திருக்கின்றன. பெரும்பாலும் 60 மீட்டர் பக்க அளவுள்ள சதுரங்கள். வெளிச்சுவரில் சன்னல் இல்லை. உள்ளே பல குடும்பங்களுக்கான தனித்தனிக் குடியிருப்புகள். பொது முற்றத்தில் ஒரு வழிபாட்டுப் பீடம். தரைக்கு அடியில் அவ்வீட்டில் வாழ்ந்து இறந்தவர்களின் புதைகுழிகள். ஒரு வளாகத்தில் 60 முதல் 100 பேர் வரை வாழ்ந்திருக்கலாம். நகரத்தின் மக்கள்தொகை அதன் உச்சத்தில் ஒரு இலட்சத்தை எட்டியிருந்தது என்று கணிக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கல் வீடுகளில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில், அதாவது பெரும் பிரமிடுகளின் பணி முடிந்த பிறகு கட்டியவை. நிலாப் பிரமிடுக்கும் சூரியப் பிரமிடுக்கும் மண் சுமந்த நகரம், அடுத்த சில தலைமுறைகளில் தனக்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

தெதித்லாவின் இரண்டாவது முற்றத்தில் நின்றபோது எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. பிரமிடின் முன் நிற்கும்போது நாம் அண்ணாந்து பார்க்கிறோம்; கட்டியவனின் அதிகாரத்தை அளந்துகொண்டு நிற்கிறோம். இங்கே நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகாலின் வாய் எங்கே இருக்கிறது, அடுப்பு எந்த மூலையில் எரிந்திருக்கும், ஓவியம் தீட்டிய சுவரோரம் குழந்தைகள் ஓடினால் யார் அதட்டியிருப்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. இத்தனை பேர் தெய்வ உருவங்கள் தீட்டிய சுவர்களுக்கு நடுவே சமைத்து, உறங்கி, இறந்தவரைத் தம் காலடியிலேயே புதைத்து வாழ்ந்த நகரம் பண்டைய உலகில் வேறு எது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கட்டடக்கலையின் பெருமை என்று சொல்லத்தக்கது இந்த நகரத்தில் இதுதான் என்று அந்த இடத்திலேயே எனக்கு உறுதிப்பட்டது. மெசோஅமெரிக்கா எனப்படும் மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியில் பிரமிடுகள் எத்தனையோ ஊர்களில் உண்டு. ஒரு பெருநகரத்து மக்களில் பெரும்பாலோருக்கும் கல்லும் காரையும் கொண்ட திட்டமிட்ட வீடு கிடைத்த ஊர் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களும் ஒரே இனத்தார் அல்லர். நகரின் மேற்கு ஓரத்தில் இருந்த த்லைலோத்லாகான் பகுதியில் வஹாகா மலைநாட்டிலிருந்து வந்த சபோதெக் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தியோத்திவாக்கான் வளாகம்தான். உள்ளே தம் தாயகத்து முறையிலேயே கல்லறை அமைத்து, தம் ஊர்ப் பாணியிலேயே சாம்பல்நிறக் கலயங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். கிழக்கே வளைகுடாக் கடற்கரை வணிகர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் வட்ட வடிவ மண் கட்டடங்களைக்கூடக் கட்டிக்கொண்டார்கள். வடமேற்கே ஒஸ்தோயாவால்கோவில் லிண்டா மன்சானியா அகழ்ந்த வளாகத்தில் முயல் எலும்புகள் குவிந்து கிடைத்தன. ஒரு கல் முயல் சிற்பமும் கிடைத்தது. முயல்களைக் கூண்டில் வளர்த்து இறைச்சிக்கும் தோலுக்கும் பயன்படுத்திய குடும்பங்கள் அவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அரசர் பட்டியல் தர முடியாத நகரத்தில், முயல் வளர்த்தவர்களின் முற்றம் எது என்று நம்மால் விரல்விட்டுக் காட்ட முடிகிறது. எனக்கு இது பெரிய செய்தி.

சமமான வீடுகளா?

இதை ஒரு பொற்காலமாக நான் வரைந்து காட்டினால் அது நேர்மையாகாது. நகரின் தெற்கே த்லாஹிங்கா பகுதியில் குயவர்கள் வாழ்ந்த வளாகம் ஒன்றில் கிடைத்த எலும்புகளை ரெபெக்கா ஸ்டோரி ஆராய்ந்தார். பிறந்ததும் இறந்த குழந்தைகள் மிகுதி. வளர்ந்தவர்களின் எலும்பிலும் பற்களிலும் ஊட்டக்குறைவின் தடங்கள். அங்கே சுவர்களில் சுடாத செங்கல்லும், சில முற்றங்களில் வெறும் மண்தரையும்தான் இருந்தன. தெதித்லாவின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது. அந்தப் பளபளக்கும் காரைக்கும் விலை இருந்தது. சுண்ணாம்புக்கல் அருகில் இல்லை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூலா பகுதியிலிருந்து முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். கல்லைச் சுண்ணாம்பாக நீற்ற மலைமலையாக விறகு வேண்டும். அதற்குக் காடு அழிந்திருக்கும். பச்சூகாவின் பச்சை அப்சிடியனை வெட்டியெடுத்தவர்களும், அந்த எரிமலைக் கண்ணாடியைக் கத்தியாகச் சீவியவர்களும் எப்படிப்பட்ட வேலையில் வாழ்நாளைக் கழித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவ்வளவையும் வைத்துப் பார்த்த பின்பும், வீட்டுக்கு வீடு பரப்பளவில் இருந்த வேறுபாடு மற்றப் பண்டைய நகரங்களைவிடக் குறைவு என்று அளந்து சொன்னவர்களின் முடிவு எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. ஏழை வீட்டிலும் முற்றம் இருந்தது, பீடம் இருந்தது. நகரத்தின் பொதுச் சாய்வை அந்தச் சுவர்களும் பின்பற்றின.

ஆறாம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 550-இல், நகரம் எரிந்தது. மில்லோனின் குழு எரிந்த தடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தபோது, அவை நகரமெங்கும் பரவியிருக்கவில்லை. மாண்டோர் வீதியின் இரு பக்கமும் இருந்த கோயில்களும் பொதுக்கட்டடங்களும் குறிவைத்து எரிக்கப்பட்டிருந்தன. சிலைகளை உடைத்துத் துண்டுகளை வெவ்வேறு இடங்களில் வீசியிருந்தார்கள். குடியிருப்பு வளாகங்களில் பெரும்பாலானவற்றில் தீயின் தடம் இல்லை. வெளியிலிருந்து வந்த படை கோயிலையும் வீட்டையும் இப்படிப் பிரித்துப் பார்த்திருக்காது என்பதால், இது நகரத்தாரே செய்த கிளர்ச்சி என்று ஆய்வாளர்கள் பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படியே எண்ணுகிறேன். தாம் சுமந்த மண்ணில் எழுந்த கோயில்களை எரித்தவர்கள், தம் முற்றங்களை விட்டுவைத்தார்கள். எந்த அரசன் கட்டினான் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் இந்தத் தீயைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

சூரியப் பிரமிடுக்குக் கிழக்கே இருக்கும் தெபாந்தித்லாவையும் தவறவிடாமல் பார்க்க வேண்டும். 1942-இல் வெளிப்பட்ட அங்குள்ள ஓவியத்தை மழைத் தெய்வம் த்லாலோக்கின் சொர்க்கம் என்று அல்ஃபோன்சோ காசோ விளக்கினார். மேல்பகுதியில் பெரிய தெய்வம். கீழே, மலையிலிருந்து நீர் பெருகிவரும் நிலத்தில், விரலளவு மனிதர்கள் பந்தடிக்கிறார்கள், நீந்துகிறார்கள், வண்ணத்துப்பூச்சி துரத்துகிறார்கள், பாடுகிறார்கள். பேச்சும் பாட்டும் வாயிலிருந்து சுருள் சுருளாக வெளிவருகின்றன. ஒருவர்கூட மற்றவரைவிடப் பெரியவராக வரையப்படவில்லை. அது சொர்க்கமா, நகரத்துத் திருவிழாவா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எதுவாயினும், அந்த மனிதர்களை வரைந்த கைக்குக் கூட்டமாக மகிழ்ந்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

இந்த வளாகங்களில் அகழ்ந்தவை மிகச் சிலவே. மற்றவை இன்றைய ஊர்களின் வீடுகளுக்கும் சோள வயல்களுக்கும் கள்ளித் தோட்டங்களுக்கும் அடியில் இருக்கின்றன. பிரமிடுகளை எவரும் இனி அசைக்க முடியாது. காவலும் வேலியும் உலகத்தின் கண்ணும் அவற்றின் மேல் இருக்கின்றன. முழங்கால் உயரச் சுவர்களாக மண்ணுக்கடியில் கிடக்கும் வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021-இல், முயல் வளர்த்தவர்களின் முற்றம் கிடைத்த அதே ஒஸ்தோயாவால்கோ பகுதியில், தனியார் கட்டுமானத்துக்காகப் பெரிய இயந்திரங்கள் நிலத்தைச் சமன் செய்யத் தொடங்கின. தொல்லியல் துறையின் தடையாணைகளையும் மீறிப் பணி தொடர்ந்ததால், கடைசியில் தேசியக் காவல்படை வந்து நிலத்தைக் கைப்பற்ற வேண்டியிருந்தது. வருபவர்கள் தெதித்லாவுக்கும், அதைப் போன்ற இன்னொரு வளாகமான அதெதெல்கோவுக்கும் கூடுதலாக நடந்தால், அந்தத் தகரக் கூரைகளைப் பழுதுபார்க்கவும், இன்னும் சில வளாகங்களைத் திறந்து காவல் போடவும் துறைக்கு ஒரு காரணம் கிடைக்கும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் மேற்குப் பக்கமாகச் சென்று வீடுகளை முதலில் பார்த்துவிடுங்கள். பிரமிடுகளுக்கு நண்பகலுக்குப் பிறகும் நேரம் இருக்கும்.